பள்ளிப்பருவக் காதல் கூறும் ஒரு நாவல்

2013ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து அனோக்கா-ஹெனெப்பின் என்னுங் கல்வி வட்டாரத்தில், உயர்தரப் பாடசாலைகளின் நூலகர் சிலர் கோடை விடுமுறையில் மாணாக்கர் விரும்பினால் வாசித்தற்கென ஒரு நாவலைத் தெரிந்தெடுத்தனர். அதனை எழுதிய ஆசிரியையைத் தம் பாடசாலைகளுக்கு வந்து பேசுமாறும் அழைத்தனர். பெற்றோர் சிலர் வெகுண்டெழுந்தனர். நூலிலுள்ள தகாத சொற்களை ஒவ்வொன்றாக எண்ணி, அவை இருநூற்றுக்கும் மேற்பட்டன என்று கணக்குக் காட்டினர். நூலை நூலகத்தினின்றும் அகற்றுதல் வேண்டும், அதனைத் தெரிந்த நூலகர்மீது நடவடிக்கை எடுத்தல் வேண்டும் என்று முறையிட்டனர். ஆசிரியையின் வருகை நிறுத்தப்பட்டது. பின்னர் நூலை ஆராய்ந்த குழு, அது நூலகத்தில் இருக்கத் தக்கதே என முடிவு செய்தது. ஆயினும் பழி ஓயவில்லை. 2016ஆம் ஆண்டில் மிகுதியும் எதிர்ப்புக்குள்ளான நூல்கள் பத்து என்று அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலிலும் அது இடம்பெற்றது. கூறப்பட்ட காரணம் மீண்டும் சொற்களே.

அந்நூலின் பெயர் 'எலினரும் பார்க்கும்'. எழுதியவர் றெயின்போ றொவெல் என்னும் பெண்மணி. ஒமாஹா நகரத்து நாளிதழொன்றிற் பத்தி எழுதிப் பயின்றவர். 2012இல் பிரித்தானியாவிலும் 2013இல் அமெரிக்காவிலும் நூல் வெளிவந்தது. இளைஞர்க்கான இலக்கியத்துக்கு அங்கு வழங்கப்படும் பிரின்ஸ் விருதின் சிறப்புக் கௌரவம் 2014இல் இதற்குக் கிடைத்தது. பாடசாலைச் சிறுவன் ஒருவனும் சிறுமி ஒருத்தியும் காதலித்த கதை என்றவுடனே, ஆசிரியர் பலர் நூலைத் திறவாமலே முகஞ் சுளிப்பர். திறந்து படித்த பின்னரும் சுளிக்க இடமுண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் குற்றங்காணப் புகுந்தவர்கள் குற்றமில்லாத இடத்திற் குற்றங் கண்டு, குற்றமுள்ள இடத்தை நோக்காது போயினர் என்பதே எமது துணிபு.

கதை 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், நெபிராஸ்கா மாநிலத்து ஒமாஹாவில், பாடசாலைப் பஸ்வண்டி ஒன்றிலே தொடங்குகின்றது. புதிதாக ஒரு பெண் ஏறுகின்றாள். பருத்த உடல், நெருப்பு நிறத்துச் சுருண்ட தலைமயிர், ஆடவர் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக ஒரு கோலம். இவளே எலினர். அவளுக்கு இருக்க இடங்கொடுப்பாரில்லை. வண்டியின் ஆசனங்கள் யார் யாருக்கு உரியன என்பது என்றோ தீர்ந்துவிட்ட வழக்கு. அந்நிலையில் பார்க் என்னும் பையன் சாளரப் பக்கமாக நகர்ந்து, அவளை நோக்கி ஒரு வசைச்சொல்லைக் கூறி, உட்காரும்படி அதட்டுகின்றான்.

பெற்றோர் எண்ணிய சொற்களில் இதுவும் ஒன்றாதல் வேண்டும். ஆனால் அச்சொல் அங்கே செய்கின்ற வேலை யாது? அவன் அவளுக்கு இரங்குகின்றான்; இரங்குவதைப் பின்னிருக்கும் முரடர் கண்டுவிடுவரே என்று அஞ்சுகின்றான்; ஆதலால் இரக்கத்தை வசையால் மூடுகின்றான். பதினாறு வயதுப் பையனொருவனின் கோழைத்தனமும் நற்குணமும் ஒரே சொல்லில் வெளிப்படுகின்றன. அச்சொல்லை நீக்கி "அம்மணீ, அமர்க" என்று எழுதியிருந்தால் நூல் தூயதாகியிருக்கும். பார்க் என்பவன் இறந்திருப்பான். பையன்களோடு நாடோறும் பழகும் ஆசிரியர்க்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அதன்பின் அவர்கள் பேசுவதே இல்லை. நாள்தோறும் ஒரே ஆசனத்தில் அருகருகே இருந்து, ஒருவரையொருவர் பாராது செல்கின்றனர். பார்க் சித்திரக்கதைப் புத்தகங்கள் படிப்பவன். சில நாளில், அவள் ஓரக்கண்ணால் தன் புத்தகத்தைத் தானும் படித்து வருகின்றாள் என்று அவனுக்குத் தெரிகின்றது. அவன் ஒன்றுஞ் சொல்லவில்லை. பக்கங்களை மெல்லப் புரட்டத் தொடங்குகின்றான். அவள் படித்து முடிக்குமட்டும் காத்திருந்து புரட்டுகின்றான். பின்னர்ப் புத்தகங்களை அவள் இருக்கும் இடத்தில் வைக்கின்றான். அவள் வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்து, கசங்காமல் மறுநாள் திருப்பி வைக்கின்றாள். அவர்கள் வாய்திறந்து பேசுதற்கு முன்பே வாசகனுக்கு எல்லாம் விளங்கிவிடுகின்றது. காதலின் தோற்றத்தைக் காட்டுதற்குப் பக்கம் புரட்டும் விரலைக் கருவியாகக் கொண்ட இந்தப் பகுதி ஒன்றுக்காகவே நூலைப் போற்றலாம். கண்டதும் காதல் என்று ஒரே அடியிற் கதையை முடுக்கிவிடும் எழுத்தாளர் இவ்விடத்தைப் பன்முறை படித்தல் நன்று.

அடுத்து வருவது கைப்பற்றுதல். எலினர் தன் மணிக்கட்டிற் பழைய பட்டுத்துண்டொன்றைச் சுற்றியிருப்பாள். ஒருநாள் பார்க் அப்பட்டின் நுனியைத் தன் விரல்களிற் சுற்றிச் சுற்றி, பட்டோடு தன் விரல்களையும் அவள் உள்ளங்கையுள் நழுவவிடுகின்றான். அவ்வளவே நிகழ்ச்சி. ஆசிரியை அதற்குக் கொடுக்கும் இடமோ பெரிது. முதலில் அவன் உள்ளத்தில் அதனைக் காட்டி, பின்னர் அவள் உள்ளத்திற் காட்டுகின்றார். நூல் முழுவதும் இவ்வகையிலேயே அமைந்துள்ளது: 'பார்க்' என்று தலைப்பிட்ட பகுதி அவன் நோக்கு; 'எலினர்' என்று தலைப்பிட்டது அவள் நோக்கு. ஒன்று பல பக்கம் நீளும். மற்றொன்று சில வரிகளில் முடியும். ஒருவர் கருதியதை மற்றவர் எவ்வாறு பிழைபடக் கொண்டார் என்பது உடனுக்குடன் வெளியாகின்றது. அவன் தன்னைக் கண்டு நாணுகின்றான் என அவள் எண்ணுமிடத்து, அவன் எண்ணுவது முற்றும் வேறு. தலைவன் கூற்று, தலைவி கூற்று எனப் பகுத்துப் படித்துப் பழகிய தமிழ் மாணாக்கர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது.

உடற்கலப்பு இந்நூலில் இல்லை என்பதையும் இவ்விடத்தே சொல்லிவிடுவது நலம். இருவரும் எல்லைவரை சென்று நின்றுவிடுகின்றனர். களவியல் நூற்பாக்களைப் பதினாறு வயது மாணாக்கரை மனனஞ் செய்வித்து, பரீட்சைக்கு எழுதவும் வைக்கின்ற எம்போன்றோர் இதனைக் கண்டு திடுக்கிடுவது பொருந்துமா என்று எம்மை நாமே வினாவிக்கொள்ளலாம்.

காதலினும் மேலாக இந்நாவல் நன்கு கூறுவது வறுமையை. எலினரின் தாய் சபிரினா, றிச்சி என்னும் குடிகாரனை மறுமணஞ் செய்தவள். பிள்ளைகள் ஐவருக்கும் ஒரே படுக்கையறை. குளியலறை அடுக்களையை அடுத்துள்ளது. அதற்குக் கதவு கிடையாது, ஒரு துணி தொங்கும். மாற்றாந்தந்தை வேலையால் வருமுன் நீராடி முடிக்கவேண்டுமென அவள் நாள்தோறும் அஞ்சி விரைகின்றாள். வீட்டில் தொலைபேசி இல்லை. பார்க் அவளுக்குப் பாட்டுகள் பதிந்த ஒலிநாடா கொடுத்தால், அதனைக் கேட்பதற்குப் பற்றறி இல்லை. அவன் பற்றறியும் சேர்த்துக் கொடுக்கின்றான். மலரும் மாலையும் வரவேண்டிய இடத்திற் பற்றறி வருகின்றது. அதுவே அங்கு மிகப் பெரிய காணிக்கையாகவும் நிற்கின்றது. வேறாக வாழும் தன் தந்தையின் வீட்டுக்குக் குழந்தை பார்க்கச் சென்ற இரவில், அங்குள்ள தொலைபேசியில் அவனோடு நெடுநேரம் பேசுகின்றாள். தொலைபேசி எந்நேரமும் கையிலுள்ள இக்காலத்து மாணாக்கர், ஒரு குரலைக் கேட்பதற்கு இத்தனை பாடு உண்டோ என்று இதனைப் படித்து வியப்பர்.

அவள் தன் வீட்டு நிலையைப் பார்க்கிடம் சொல்லாள், பாடசாலையிலும் சொல்லாள். சொல்லாமையையும் ஆசிரியை வறுமையின் ஒரு கூறாகவே காட்டியுள்ளார். பழைய ஆடவர் சட்டை அணிவது விசித்திர ஆசையன்று, கிடைத்தது அது. அதனை விருப்பத்தால் அணிந்தாற்போலக் காட்டிக்கொள்வது அவளது மானம். வகுப்பில் வினோதமாக உடுத்து வரும் பிள்ளையை நகையாடும் முன் ஆசிரியரொருவர் இதனை நினைப்பாராயின், அந்தப் பிள்ளைக்கு அன்றையபொழுது நன்றாகக் கழியும்.

இனி, ஆங்கில வகுப்புக் காட்சி. ஆசிரியர் ஸ்டெஸ்மன் என்பவர் சேக்ஸ்பியரின் றோமியோ யூலியற் நாடகத்தைப் படிப்பிக்கின்றார். எலினர் எழுந்து, அவ்விருவரும் காதலர் அல்லர், விரும்பியதெல்லாம் கிடைத்துப் பழகிய செல்வப்பிள்ளைகள், சேக்ஸ்பியர் அவர்களை எள்ளியே எழுதினார் என்று வாதிடுகின்றாள். அவ்வாறாயின் அந்நாடகம் ஏன் நிலைத்தது என்று ஆசிரியர் பார்க்கை வினாவ, இளமையும் காதலும் எத்தகையன என்பதை மக்கள் நினைவுகூர விரும்புவதாலாகலாம் என்கின்றான் அவன். இருவரும் இன்னும் தம்முட் பேசத் தொடங்காத காலம் அது. இப்பெண் காதலை நம்பாதவள், இப்பையன் நம்புகின்றவன் என்பது ஒரு பாடத்தின் வழியே தெரிந்துவிடுகின்றது. அவ்வாசிரியர் மாணாக்கர் வாயை அடைக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. எங்கள் வகுப்புகளில் ஒரு பெண்பிள்ளை எழுந்து, ஒரு காவியத்துத் தலைவியை இவ்வாறு தாக்கினால் யாது நிகழும் என்பதை இங்கு எழுதாது விடுகின்றேன்.

மீண்டும் அந்தச் சொற்களுக்கு வருவோம். எலினரின் பாடப்புத்தக உறைகளில் யாரோ ஆபாசச் சொற்களை எழுதி வருகின்றனர். உடற்பயிற்சி வகுப்பில் அவளைத் துன்புறுத்தி, உடுபுடைவைகளை மலசலகூடத்துள் அமிழ்த்திய டீனா முதலிய பெண்களே இதனையும் செய்கின்றனர் என்று அவள் நம்புகின்றாள், வாசகரும் நம்புகின்றனர். கதையின் இறுதிப் பகுதியில், அவள் மறைத்து வைத்திருந்த பெட்டி குலைக்கப்பட்டு, படக்கதைகளும் நாடாக்களும் சிதைக்கப்பட்டுக் கிடக்கக் காண்கின்றாள். அங்கு எழுதப்பட்டிருந்த கையெழுத்தைப் பார்க்கின்றாள். புத்தக உறைகளில் எழுதி வந்தவன் மாற்றாந்தந்தையே. அக்கணமே அவ்வீட்டை விட்டு ஓடுகின்றாள். அவளுக்கு ஒளிவதற்கு இடங்கொடுப்பவள், பகைத்தி என்று நாம் கருதிய அதே டீனா.

எண்ணப்பட்ட அருவருப்பான சொற்களுட் சில இவையே. இவற்றை நீக்கினால் அப்பெண் எதனிலிருந்து தப்பி ஓடினாள் என்பது விளங்காது. ஒரு சிறுமியின் வீட்டிலிருக்கும் ஆபத்து, ஒரு புத்தக உறையில் எழுத்தாய் முன்னரே நின்றது. தாயும் ஆசிரியரும் தோழியரும் அதனைப் படித்தறியவில்லை. இத்தகைய பிள்ளை ஒருத்தி எந்த வகுப்பிலும் இருக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே மாணாக்கரிலும் ஆசிரியர் முதலில் இந்நூலைப் படித்தல் வேண்டும் என்பேன்.

இவ்வளவு புகழ்ந்தபின் குறைகளைக் கூறத் தயங்கவேண்டியதில்லை. அவற்றுள் பெருங்குறை பார்க்கின் தாயார் பற்றியது. அவன் தந்தை இராணுவ சேவையிற் கொரியாவுக்குச் சென்று, அந்நாட்டுப் பெண்ணை மணந்து வந்தவர். அவள் பெயர் மின்-டே. ஒமாஹாவில் மிண்டி எனப்படுகின்றாள். வீட்டோடு சேர்ந்த வாகனக் கொட்டகையில் சிகையலங்கார நிலையம் நடத்துகின்றாள். அமெரிக்காவுக்கு வந்து பல ஆண்டு கழிந்தும், தன் தொழிலிலே நாளெல்லாம் வாடிக்கையாளரோடு பேசிப் பழகியும், அவள் வாயில் வருவது சொற்கள் உதிர்ந்த ஒடிந்த ஆங்கிலமே. அவள் தோற்றத்தைக் கூறுமிடங்களில் பீங்கான் பொம்மை போன்ற பழைய உவமைகள் தலைகாட்டுகின்றன. கொரிய வழிவந்த வாசகர் பலர் இது கண்டு மனம் நொந்தனர். பார்க் என்பது கொரியரிடையே குடும்பப் பெயர், இயற்பெயரன்று என்பதையும் அவர்கள் எடுத்துக் காட்டினர். பார்க்கும் தன் முகத்தின் கொரியச் சாயலை விரும்பாதவனாகவே படைக்கப்பட்டான். அவ்வகைக் கூச்சம் அச்சூழலில் இயல்பென்று கொண்டாலும், அதற்கு மறுமொழி கூறத்தக்க இடத்தில் நிற்பவள் தாய். அவளுக்கோ அதற்குரிய மொழியை ஆசிரியை கொடுக்கவில்லை.

இதில் வருந்தத்தக்கது யாதெனில், அதே தாயைக் கொண்டு நூலின் சிறந்த இடமொன்று அமைந்திருத்தலே. தொடக்கத்தில் எலினரை வெறுக்கும் அவள், ஒருநாள் கடையில் அப்பெண்ணைத் தாயோடும் தம்பி தங்கையரோடும் காண்கின்றாள். கொரியாவில் தானும் பல பிள்ளைகளுள் ஒருத்தியாய், உண்ண எல்லோர்க்கும் போதாத வீட்டில் வளர்ந்ததை நினைக்கின்றாள், மனம் இளகுகின்றாள். பட்டினியை அறிந்தவள் பட்டினியை இனங்கண்டாள். இவ்வளவு எழுதத் தெரிந்தவர், அவளை ஏன் மற்றைய பக்கங்களில் ஒரு பொம்மையாக்கினார்? எண்ணிக் கணக்கெடுத்த பெற்றோரின் முறைப்பாட்டில் இக்குறைக்கு இடமில்லை. ஒடிந்த ஆங்கிலம் ஆபாசச் சொல் அன்றே.

டெனீஸ், பீபி என்னும் கறுப்பினப் பெண்கள் இருவர் எலினருக்குத் தோழியர். பழைய நாடகத்துத் தோழியர்க்கேனும் தமக்கென ஒரு சூழ்ச்சி உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை. தேவைப்படும்போது வந்து ஆறுதல் கூறி மறைகின்றனர். நடுப்பகுதியில் ஒருவர் அழகை ஒருவர் வியக்கும் பகுதிகள் அளவிறந்து நீள்கின்றன. பட்டுத்துண்டுக் காட்சியிற் சிறந்து நின்ற நுண்மை, பத்தாம் முறை சொல்லப்படும்போது தேய்ந்துபோகின்றது. நான் பக்கங்களைத் தள்ளிப் படித்தேன்.

இன்னொன்று இவற்றினும் கனமானது. எலினர் தப்பினாள், அவள் தம்பி தங்கையர் நால்வர், அவ்வீட்டில். அவர்களை விட்டுப் போகின்றோமே என்ற வேதனை அவளுக்கு உண்டு. ஆனால் அவர்கள் கதி யாதாயிற்று என்பதை ஆசிரியை போகிற போக்கிற் சொல்லிச் செல்கின்றார்: தாயும் பிள்ளைகளும் அவ்வீட்டில் இப்பொழுது இல்லை, றிச்சி மாத்திரம் இருக்கின்றான் என்பது பார்க் கண்டறிவதாக வருகின்றது. சபிரினா எவ்வாறு துணிந்தாள்? யார் உதவினர்? பல பக்கங்களாக நாம் அஞ்சி வந்த ஒரு வீட்டின் விடுதலை திரைக்குப் பின்னே நிகழ்கின்றது. காதலர் இருவர்மீதும் வைத்த கண்ணை ஆசிரியை அங்கு சற்றுத் திருப்பியிருத்தல் வேண்டும்.

முடிவுபற்றிப் பலர் மனக்குறை கூறுவர். எமக்கு அது குறையாகத் தோன்றவில்லை. பார்க் தன் தந்தையின் வண்டியில், இரவோடிரவாக, எலினரை மினசோட்டாவின் செயின்ட் போல் நகரிலுள்ள அவள் மாமன் வீட்டுக்குக் கொண்டு செல்கின்றான். தந்தையும் அறிந்தே வண்டியைக் கொடுக்கின்றார். தமிழ் படித்தவர் இதனை உடன்போக்கு என்று சொல்ல வாயெடுப்பர். ஆனால் உடன்போக்கிலே தலைவன் தலைவியைத் தனக்கென்றே கொண்டுசெல்வான். இவனோ, அவளை இழத்தற்கென்றே கொண்டுசெல்கின்றான். சேர்த்துவிட்டுத் தனியே திரும்பி வருகின்றான். அவளுக்கு வேண்டியது காதலன் வீடன்று, அச்சமின்றித் தூங்கத்தக்க ஒரு வீடு என்பதைப் பதினாறு வயதில் அவன் உணர்ந்துகொண்டான். மணத்தில் முடித்திருந்தால் நூல் பொய்யாகியிருக்கும். சாவில் முடித்திருந்தால் வகுப்பில் எலினர் எள்ளிய றோமியோ யூலியற் ஆகியிருக்கும்.

அவன் எழுதும் கடிதங்களுக்கு அவள் மறுமொழி எழுதுவதில்லை. மாதங்கள் செல்கின்றன. ஈற்றில் ஒரு தபாலட்டை வருகின்றது. அதில் மூன்றே சொற்கள் என்று மட்டும் கூறி, அவை எவை என்று கூறாது ஆசிரியை நூலை முடிக்கின்றார். மூன்று சொல்லென்றால் ஆங்கிலத்தில் எவரும் ஊகிக்கும் மூன்று சொற்கள் உண்டு. எலினர் அவற்றை நூல் முழுவதும் வாய்திறந்து சொல்லக் கூசியவள். அட்டையில் அவையே இருந்தன என்று கொள்வார் பெரும்பாலர். யான் அவ்வாறு கொள்ளேன். காதலர் எவரும் எழுதும் தேய்ந்த சொற்களை எழுதக்கூடிய பெண்ணாக அவள் எனக்குத் தோன்றவில்லை.

உயர்தர வகுப்பு மாணாக்கர்க்கு இந்நூலை நூல்நிலையத்தில் வைக்கலாமா என்று என்னைக் கேட்டால், வைக்கலாம் என்பேன், கீழ்வகுப்புகளுக்கு வேண்டாம். எவரேனும் இதனைத் தமிழிற் பெயர்க்க எண்ணினால் ஒரு வேண்டுகோள் மாத்திரம் உண்டு: பார்க்கின் தாய் பேசும் ஒடிந்த ஆங்கிலத்துக்கு ஈடாக ஒடிந்த தமிழைத் தேட வேண்டாம். அவள் கடையில் எலினரைக் கண்ட அன்று தன் பிள்ளைப்பருவத்தை நினைந்து பேசுவதை நேரிய தமிழிலே பெயர்த்துப் பார்க்கட்டும்.